தரையில் வைத்த அரிவாள்

அக்டோபர் 14, திங்கள்

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி விட்டார்கள். தார்ச்சாலையில் கொட்டிக் காயப்போட்டு, நானும் மருமகள் விஜயலட்சுமியும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது.

இதை எழுதவா டைரியை எடுத்தேன்? இல்லை.

பேத்தி பிரகதி தஞ்சாவூர்க் காலேஜிலிருந்து ஆறரை பஸ்ஸில் வருவாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வாய்க்கால் கரையில் ஒரு மைல் நடை. இன்றைக்கு வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சு வாங்கியது. மூன்று நாளாக ஒரு பைக் பின்னாலேயே வருகிறதாம். விளக்குப் போடாமல். கறுப்பு ஹெல்மெட். இன்றைக்குத் துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

“அப்பாகிட்ட சொல்லிடாத அப்பாயி. படிச்சது போதும்னு நிறுத்திடுவாரு.”

மகன் தியாகராசன் சிங்கப்பூரில் இருக்கிறான். சொன்னால் நிறுத்தத்தான் செய்வான். அடுத்த வாரமே மாப்பிள்ளை பார்க்கச் சொல்வான். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இந்த அகிலாண்டம் அஞ்சாவதோடு நின்றவள். நிறுத்தவிட மாட்டேன்.

ஆனால் அவள் நின்ற நிலை. அதே வாசல், அதே பக்கம் சாய்ந்து. வேம்பு அப்படித்தான் நின்றாள்.

அக்டோபர் 15

தூக்கம் இல்லை. வேம்பு பற்றி எழுதக்கூடாது என்று இருந்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நல்லக்கண்ணு பால் ஊற்ற வந்தான். சொசைட்டிக்குப் பால் வண்டி ஓட்டுகிறவன். என் வீட்டுக்காரர் வழியில் தூரத்துச் சொந்தம், அத்தை அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுவான். காபி கொடுத்தேன். பொதுவாகத்தான் கேட்டேன், வாய்க்கால் கரையில் சாயங்காலம் யார் பைக் நிற்கிறது என்று.

அவன் டம்ளரை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். “நான் சொன்னேன்னு வேணாம் அத்தை. மதிவாணன் வண்டியை மதகுகிட்ட பாத்தேன். கோவிந்தராசு பேரன்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்ததா, குளிர்ந்ததா? உண்மையைச் சொன்னால் ஒரு திருப்தி வந்தது. நாற்பத்தைந்து வருஷமாக நான் நினைத்தது சரி என்று ஆகிவிட்ட மாதிரி. அந்த வீட்டு ரத்தம் வேறே எப்படி இருக்கும்?

அந்த வீட்டுப் பம்புசெட்டுத் தண்ணீரை நான் வாயில் வைத்ததில்லை. அவர்கள் வீட்டு மூன்று கல்யாணத்துக்கும் பத்திரிகை வந்தது. மூன்றையும் பிரிக்காமல் அடுப்பில் போட்டேன்.

பிரகதியிடம் சொல்லிவிட்டேன், யார் என்று. முகத்தைப் பார்க்கவில்லையே அப்பாயி என்றாள். நான் பார்த்திருக்கிறேன் என்றேன். பேரனைச் சொல்லவில்லை, தாத்தாவைச் சொன்னேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

திருக்காட்டுப்பள்ளி போய்ப் பட்டறையில் கதிர் அரிவாள் ஒன்று வாங்கினேன். கைப்பிடி சின்னதாக, பெண்பிள்ளை கைக்கு அடங்குகிற மாதிரி. பட்டறைக்காரர் சிரித்தார். மெஷின் வந்த பிறகு இதை யார் வாங்குகிறார்கள், மாட்டுக்குப் புல் அறுக்கவா என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டில் இன்னொரு அரிவாள் இருக்கிறது. நெல் குதிருக்கு அடியில், பழைய சீலைத் துணியில் சுற்றி. வருஷம் ஒரு தடவை எண்ணெய் தடவுவேன். விஜயலட்சுமிக்கும் தெரியாது. அதைப் பேத்திக்குக் கொடுப்பேனா?

இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

1979, தை அறுவடை. தியாகராசனைப் பெற்று எனக்கு நாற்பது நாள் ஆகவில்லை. எனக்குப் பதில் வயலுக்குப் போகத்தான் தங்கச்சி வேம்பு வந்திருந்தாள். பதினேழு வயசு. கோவிந்தராசு அப்போது மிராசு வீட்டுக் காரியஸ்தர் மகன். களத்து மேட்டில் காவல் என்று சொல்லிக்கொண்டு, மூன்று நாள் சாயங்காலம் மதகுக்கிட்டே அவளை மறித்தான். முதல் நாள் பேச்சு. இரண்டாம் நாள் கை. மூன்றாம் நாள் காலையில் போகமாட்டேன் என்று இந்த நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகாவிட்டால் கூலி போகும், என் மாமியார் பேசுவாள். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்காமல் எட்டி என் அரிவாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “கிட்ட வந்தா காட்டு, ஓடிருவான்” என்றேன்.

கையிலிருந்து கைக்கு. அரிவாளை யாரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். தரையில் வைக்க வேண்டும், வாங்குகிறவள் தானாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பகை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. எனக்குத் தெரியாதா? அவசரம்.

அவள் காட்டினாள். அவன் ஓடவில்லை.

அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினான். தொடையில் இறங்கியது. சின்ன வெட்டுதான். சேறு பட்ட அரிவாள். எட்டாம் நாள் வாய் இறுகிக்கொண்டது. கஞ்சி இறங்கவில்லை. என் கையைப் பிடித்தபடியேதான் உயிர் போயிற்று.

பஞ்சாயத்தில் ஒரே கேள்வி கேட்டார்கள், அருவாளோட போனது யாரு என்று. அத்தோடு முடிந்தது. போலீசுக்கு யாரும் போகவில்லை. அரிவாள் யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கையில் கொடுத்ததுதான் தப்பு.

அதனால் இன்றைக்குப் புது அரிவாளுக்குச் சந்தனம் வைத்து, கூடத்துத் தரையில் வைத்தேன். பிரகதியை எடுத்துக்கச் சொன்னேன். “எதுக்கு இவ்ளோ சடங்கு?” என்று கேட்டுவிட்டு எடுத்துப் பையில் வைத்தாள், புத்தகத்துக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில்.

அக்டோபர் 21

பத்திரமாக வந்தாள். இந்த முறை ஒழுங்காகக் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 28, திங்கள்

தீபாவளிக் கூட்டம் என்று தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் போலீஸ் பையைச் சோதித்திருக்கிறார்கள். அரிவாள் அகப்பட்டுவிட்டது. போன் வந்து நானும் விஜயலட்சுமியும் ஓடினோம். பிரகதி ஸ்டேஷன் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், பை மடியில் காலியாக.

எஸ்.ஐ. அம்மா பேர் ஹபீபுன்னிசா. முப்பத்தைந்து வயசு இருக்கும். அரிவாளை மேசைமேல் வைத்து ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தார்.

நான் விடவில்லை. நடவு, அறுப்பு என்றால் எத்தனை பொம்பளைகள் இதை இடுப்பில் செருகிக்கொண்டு இதே பஸ்ஸில் ஏறுகிறார்கள், அவர்களை ஒரு நாளாவது பிடித்தீர்களா என்று கேட்டேன். விஜயலட்சுமி என் சேலையை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அவர் கோபப்படவில்லை. “பாட்டி, வயலுக்குப் போறவ இடுப்புல இருந்தா இது தொழில் சாமான். சட்டமே விட்டுடுது. காலேஜ் புள்ள புத்தகப் பையில இருந்தா, எதுக்குன்னுதான் கேப்பாங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?”

“புல்லறுக்க.”

“காலேஜ்லயா?”

பக்கத்தில் நின்ற ஏட்டு சிரித்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று.

பிறகு பிரகதியைப் பார்த்து அவர் சொன்னது நிறைய. நிஜமாக ஆபத்து வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாமாம், தற்காப்புக்கு இடம் உண்டாம். அதுவும் தப்பிக்கிற அளவுக்கு. ஆனால் ஒருத்தனை வெட்டவே எடுத்துக்கொண்டு போனதாகத் தெரிந்தால், பாதிக்கப்பட்டவள் குற்றவாளி ஆகிவிடுவாளாம். “உன்னைவிட பலசாலி ஒருத்தன் கையைப் புடிச்சா அருவா யாருது? அவனுது” என்றார்.

வேம்பு கதையை யார் சொன்னார்கள் இவரிடம்?

கேஸ் போடவில்லை. அரிவாளை வைத்துக்கொண்டார். பைக்காரன் மேல் புகார் எழுதிக் கொடுங்கள் என்று வெள்ளைத்தாளை நீட்டினார். எழுதினால் சிங்கப்பூர் வரைக்கும் தெரியும் என்று விஜயலட்சுமி அழுதாள். எழுதவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அக்டோபர் 29

அருவா யாருது, அவனுது.

வேம்பு மணிக்கட்டில் ஐந்து விரல் தடம் இருந்தது. குளிப்பாட்டும்போது பார்த்தேன்.

நவம்பர் 4, திங்கள்

காலேஜில் மிளகு ஸ்ப்ரே என்று ஒன்று பிள்ளைகள் வைத்திருக்கிறார்களாம், கம்ப்யூட்டரில் வாங்குவதாம், போலீஸ் ஒன்றும் சொல்வதில்லையாம். வீட்டு விலாசத்துக்கு வந்தால் யார் பார்ப்பார்களோ என்று பிரகதிக்குப் பயம். நான் நீட்டு மிளகாயை வறுத்து மிக்ஸியில் மாவாக அரைத்தேன். தும்மித் தும்மி மூக்கு எரிகிறது. பவுடர் டப்பாவில் நிரப்பிக் கொடுத்தேன். இதற்கு எந்த ஸ்டேஷனில் ஸ்கேல் வைத்து அளப்பார்கள்?

ஒன்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். “அவன் பேசுற வரைக்கும் நிக்காத. வேம்பு நின்னா. பேச வாயைத் தொறக்கும்போதே மூஞ்சியில வீசிட்டு ஓடியாந்துடு.”

தலையாட்டினாள். வேம்பு யார் என்று கேட்டாள். என் தங்கச்சி, ஜன்னி வந்து செத்தவள் என்றேன். அது பொய் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பிரகதி ஓடிவந்தாள். கையெல்லாம் சிவப்பு. வீசிட்டேன் அப்பாயி, மதிவாணன்தான், வீசிட்டேன் என்றாள். நல்லா செஞ்சே என்று கட்டிக்கொண்டேன். சொன்னேன். அதையும் எழுதத்தான் வேண்டும், நல்லா செஞ்சேன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது. மதிவாணன் கண்ணைப் பொத்திக்கொண்டு பைக்கோடு வாய்க்காலுக்குள் விழுந்திருக்கிறான். வலது தோள் எலும்பு உடைந்துவிட்டது. கண் என்ன ஆகும் என்று தெரியவில்லை. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அழுது முடித்த பிறகு பிரகதி சொன்னாள். அவன் பைக்கில் விளக்கு எரிந்ததாம். ஹெல்மெட் இல்லையாம். பக்கத்தில் நிறுத்தி, “முன்னாடி…” என்று ஒரு வார்த்தைதான் சொன்னானாம். அதற்குள் வீசிவிட்டாளாம்.

அவள் ஓடிவரும்போது மதகுக்கிட்டே, இருட்டில், விளக்கில்லாமல் இன்னொரு பைக் நின்றதாம். கிளம்பிப் போய்விட்டதாம்.

முன்னாடி ஒருத்தன் நிக்கிறான். அதைத்தான் சொல்ல வந்தான். வேறென்ன சொல்ல வந்திருப்பான்.

அருவா இருந்திருந்தா? அந்த எஸ்.ஐ. அம்மா புடுங்கி வைக்காம இருந்திருந்தா? ஒழுங்காத்தானே குடுத்தேன். தரையில வச்சுத்தானே குடுத்தேன். சந்தனம் வச்சேனே.

கையில குடுத்தது தப்பில்ல அகிலாண்டம். குடுத்ததே தப்பு. இதைத் தெரிஞ்சுக்க உனக்கு நாப்பத்தஞ்சு வருஷம், ஊரான் புள்ள கண்ணு.

நவம்பர் 13, புதன்

கோவிந்தராசு வீட்டுக்குப் போனேன். விஜயலட்சுமி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

வாசலில் மதிவாணன் அம்மா நாகரத்தினம் ஆஸ்பத்திரிப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். கடற்கரைப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண் தப்பிவிட்டது என்றாள், ஆனால் பத்து நாள் கட்டு. தோளுக்கு ஆபரேஷன். புகார் கொடுக்கத்தான் போகிறாளாம்.

பிரகதி மேல் கேஸ் வேண்டாம், படிப்பு போய்விடும் என்று கேட்டேன். கும்பிட்டேன். அந்த வாசலில் கும்பிட்டேன்.

“பெரியம்மா, என் மாமனார் செஞ்சது எனக்குத் தெரியும். வந்த வருஷமே ஊர் சொல்லிருச்சு. அதுக்கு எம்புள்ள கண்ணா?”

பையைத் திண்ணையில் வைத்துவிட்டு மறுபடி கேட்டாள்.

“உங்க பேத்தி எம்புள்ளய எதுக்கு சந்தேகப்பட்டா? தெனம் அதே கரையில போறவங்கதானே. யாரு சொன்னா?”

“நான்தான் சொன்னேன்.”

“அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. எம்புள்ள அந்த மாதிரி இல்லைன்னு எழுதிக் குடுங்க. நான் கேஸ் குடுக்கல.”

உள்ளே கூடத்துக் கட்டிலில் கோவிந்தராசு கிடந்தான். வாதம் வந்து இரண்டு வருஷம். இவ்வளவு கிட்டத்தில் நான் அவனைப் பார்த்ததே இல்லை, பார்த்தால் காறித் துப்புவேன் என்று எதிரே வரமாட்டான். வலது கை போர்வைக்கு வெளியே இருந்தது. உள்ளங்கையில் குறுக்கே ஒரு பழைய வெட்டு, நடு விரல் இரண்டும் மடங்கியே ஒட்டிப்போய். என் அரிவாள் தடம்தான் அது, அந்தப் பல்லை எனக்குத் தெரியாதா. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, இடது கையால் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டான்.

வேம்பு ஓங்கியிருக்கிறாள். நான் சொன்னபடி செய்திருக்கிறாள்.

அவனை மன்னிக்கவில்லை. சாகும்வரை மாட்டேன். அது வேறே.

நவம்பர் 15, வெள்ளி

ஸ்டேஷன். நான், பிரகதி, விஜயலட்சுமி, நாகரத்தினம். எஸ்.ஐ. அம்மா அன்றைக்கு நீட்டிய அதே தாளை விஜயலட்சுமி பையிலிருந்து எடுத்தாள். மடிப்பு மடிப்பாக இருந்தது. பரவாயில்லை, எழுதுங்கள் என்றார்.

பிரகதி எழுதினாள், பைக், ஹெல்மெட், துப்பட்டா எல்லாம். அடுத்த தாளில் நானே எழுதினேன். மதிவாணன் என்று நான்தான் சொன்னேன், கண்ணால் பார்க்கவில்லை, பழைய பகையில் சொன்னேன் என்று. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்தும் பேனாவை வைக்க வரவில்லை. 1979 தையில் என் தங்கச்சி வேம்புக்கு அரிவாள் கொடுத்தது நான்தான் என்று அதற்குக் கீழேயே எழுதிவிட்டேன்.

எஸ்.ஐ. அம்மா படித்தார். “இது இந்தப் புகார்ல வராது பாட்டி” என்றார்.

தெரியும் என்றேன். ஆனாலும் அவர் அந்த வரியை அடிக்கவில்லை.

பிரகதி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். ஊர் வரும்போது, “வேம்பு அப்பாயிக்கு எத்தனை வயசு?” என்றாள். சொன்னேன்.

நவம்பர் 25, திங்கள்

பிடித்துவிட்டார்கள். ஒரு சின்ன வயசுப் பெண் போலீஸ் சுடிதாரும் புத்தகப் பையுமாக மூன்று நாளாக வாய்க்கால் கரையில் நடந்திருக்கிறாள். பிரகதி மாதிரியே துப்பட்டா போட்டு. மூன்றாம் நாள் கறுப்பு ஹெல்மெட் வந்தது. கழற்றிப் பார்த்தால் நல்லக்கண்ணு.

நல்லக்கண்ணு. என் வீட்டில் காபி குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைக்கிறவன். பகை வைத்த வீடுகளை எல்லாம் வரிசையாக ஞாபகம் வைத்திருக்கிறேன், எத்தனை பேர், என்றைக்கு, என்ன சொன்னார்கள் என்று. அதில் இவன் பேர் இல்லை.

“அத்தை வீட்டுப் புள்ளதானே, ஒரு விளையாட்டுக்கு” என்று ஸ்டேஷனில் சொன்னானாம்.

நான் மதிவாணன் பேரைக் கேட்கத் தயாராக இருந்தேன். அதைப் பார்த்துத்தான் அவன் சொன்னான்.

நவம்பர் 26

தியாகராசன் போன் செய்தான். கத்தினான். படிப்பை நிறுத்து என்றான். நான் போனை வாங்கி, “நிறுத்தணும்னா நீ வந்து என்னை மொதல்ல நிறுத்துடா” என்றேன். பிறகு, காலேஜ் பீஸ் எப்போது கட்ட வேண்டும் என்று கேட்டான்.

டிசம்பர் 9

மழை. மதகுக்கிட்டே பஞ்சாயத்து விளக்குப் போட்டார்கள். அங்கே யார் நின்றாலும் இனி முகம் தெரியும். வேம்பு நின்றாலும் தெரியும்.

டிசம்பர் 18

பிரகதியும், மேலத்தெருப் பிள்ளைகள் இரண்டு பேரும், தோளில் கட்டோடு மதிவாணனும் ஒரே பஸ்ஸில் இறங்கிக் கும்பலாக நடந்து வருகிறார்கள். அவன் இரண்டடி தள்ளித்தான் வருகிறானாம். இன்னும் அவளைக் கண்டால் கண்ணைச் சிமிட்டுகிறானாம், பயத்தில். அதைச் சொல்லிப் பிரகதி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 27, திங்கள்

போன வருஷத்து டைரி முடிந்துவிட்டது. பின்னால் இருக்கிற வெள்ளைத்தாளில் எழுதுகிறேன்.

சம்பா அறுப்பு. இரண்டு நாள் முன் பெய்த மழையில் கதிர் சாய்ந்து, மூலையில் தண்ணீர் நிற்கிறது. மெஷின் இறங்காது. கையால்தான் அறுக்க வேண்டும்.

குதிருக்கு அடியிலிருந்து பழைய அரிவாளை எடுத்தேன். போன வாரமே பட்டறையில் கொடுத்துப் பல் வெட்டி வாங்கியிருந்தேன். துணியை விஜயலட்சுமிக்கு எதிரிலேயே பிரித்தேன். பார்த்தாள். துணியை மடித்து வைத்தாள்.

இரண்டு கை அறுப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. வரப்பில் உட்கார்ந்தேன். பக்கத்து வயல் அவர்களுடையது. நாகரத்தினமும் மூலை அறுத்துக்கொண்டிருந்தாள், கைப்பிடி கழன்ற அரிவாளை வைத்துக்கொண்டு. கல்லில் தட்டித் தட்டிப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்து, “பெரியம்மா, உங்களுதைக் கொஞ்சம் தர்றீங்களா? இந்த ஒரு மூலை மட்டும்” என்று கையை நீட்டினாள்.

சேறு ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன்.

அவர்கள் வீட்டில் இன்னும் நான் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்கப் போவதும் இல்லை. அவள் நீட்டிய கையிலும் கொடுக்கவில்லை. வரப்பில் வைத்தேன், எங்கள் பக்கமும் இல்லை, அவர்கள் பக்கமும் இல்லை, நடுவில்.

அவளே குனிந்து எடுத்துக்கொண்டாள். பொழுது சாயும்வரை அறுத்தாள். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.